அடுத்த வீட்டுக் கண்டன்சர்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை எட்டாம் வகுப்பிலேயே ஊட்டிவிட்டால் பிள்ளைகள் டாக்டராவது நிச்சயம் என்று வாடிப்பட்டியில் யாரோ கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். சோழவந்தானிலிருந்து பஸ் ஏறிப் போய் அதில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. போகும்போது தலைக்குள் இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் திரும்பி வரும்போது இருக்காது. நேர் மின்னூட்டம், எதிர் மின்னூட்டம், மின்புலம் என்று தாள் தாளாகக் கணக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு புள்ளியைக் குத்தி, அந்தப் புள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். விடையில் மட்டும் பெரிய பெரிய எண்ணாக ஏதேதோ நடந்திருக்கும்.

அப்பா வெற்றிலை வியாபாரி. வெற்றிலை எண்ணுகிற கவுளிக்கணக்குத் தவிர வேறு கணக்கில் தலையிட மாட்டார். அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "பெரியப்பா வீட்டுல அக்கா இருக்கால்ல, அவ அதத்தான படிச்சிருக்கா? போய்க் கேட்டுக்க பாப்பா" என்றார். ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நிற்காமல் என்ன செய்வாள்? அந்த வீட்டு வாசலை எங்கள் வீட்டில் யாரும் மிதித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் கூடப் பிறந்தவர்கள். தாத்தாவின் மனையைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் ஒரு சந்து விட்டு வீடு கட்டியிருந்தார்கள். பிரிக்க முடியாமல் போனது போர்க்கிணறு மட்டும்தான். அதன் மோட்டார் பெட்டி சந்துச் சுவரில் இருந்தது. ஒரு நாள் அப்பா தண்ணீரை எங்கள் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, மறந்துபோய்க் கடைவீதிக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் தொட்டி வழிந்து சந்தெல்லாம் தண்ணீர் ஓட, பெரியப்பா தலையில் சீயக்காயோடு குளியலறைக்குள் நின்றிருக்கிறார். அப்பா திரும்பி வந்ததும் வார்த்தை தடித்தது. பெரியப்பா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கண்டன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். கண்டன்சர் இல்லாத மோட்டார் உறுமும், ஆனால் சுற்றாது. அப்பாவும் அதன் பிறகு கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தார்.

கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிற சாமான்தான் அது. ஆனால் முதலில் வாங்கிப் போடுகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்பதால் இரண்டு பேருமே வாங்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் தெருக்குழாயில் முன்னும் பின்னுமாகக் குடத்தை வைத்துவிட்டு நன்றாகப் பேசிக்கொண்டார்கள். வீறாப்பு ஆண்களுக்கு, சுமை பெண்களுக்கு.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்துக்கே அப்பா போகவில்லை. "மொறைப்படி வந்து கூப்பிட்டா ஆகாதா?" என்று இந்த வீட்டில் பேச்சு. "எம்மக கல்யாணத்துக்கு நான் அவனுக்குத் தாம்பூலம் வச்சுக் கூப்பிடணுமாக்கும்?" என்று அந்த வீட்டில். அக்காவைச் சின்ன வயதில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் அப்பாதான். சித்தப்பா இல்லாமல் மேடை ஏற வேண்டியிருக்குமோ என்று அவள் பெரியம்மாவிடம் அழுதிருக்கிறாள். பெரியம்மா குழாயடியில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லியிருப்பாள்.

எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். என் கவலை மின்னூட்டம். தாளைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டினேன்.

அக்கா என்னை ஏதோ பரிசு வந்தது மாதிரி உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். பெரியப்பா கூடத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். முதல் கணக்கு: ஒரே அளவுள்ள இரண்டு நேர் மின்னூட்டங்கள், நட்டநடுவே ஒரு புள்ளி, அங்கே மின்புலம் எவ்வளவு? அக்கா அந்தப் புள்ளியில் ஒரு குட்டி வட்டம் போட்டாள்.

"இங்க ஒரு சின்ன மின்னூட்டத்த வச்சுப் பாக்கணும் புள்ள. எந்தப் பக்கம் தள்ளுதுன்னு தெரியும்ல, அதுக்கு."

"பெருசா வச்சா என்னக்கா?"

"பெருசா வச்சா அதுங்க ரெண்டும் எடத்த விட்டு நகந்துரும். சின்னதுன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

இரண்டு பக்கமும் அம்பு போட்டு, ஒன்றை ஒன்று கழித்து, விடை பூஜ்யம் என்றாள். இரண்டு பக்கமிருந்தும் தள்ளு வாங்குகிற இடத்தில் எப்படி ஒன்றுமே இல்லாமல் போகும் என்று கேட்டேன். "அது அப்புடித்தான்" என்றாள். அடுத்த கணக்கைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்துக்கு நாளைக்கு வரச் சொன்னாள். மறுநாளும் ஒரு கணக்கு பாதியில் நின்றது. காலேஜில் முதல் மாணவியாக வந்தவளுக்கு ஒரு கணக்கை ஒரே மூச்சில் முடிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் அப்பா வாசலிலேயே நிற்பார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காபி கொடுத்தார்களா, பெரியப்பா இருந்தாரா, பேப்பரைக் கீழே இறக்கினாரா என்று கேட்பார். "ஒரு வாட்டி எறக்குனாரு. உங்கப்பனுக்கு இருமல் நின்னுச்சான்னு கேட்டாரு" என்றேன். "நீ என்ன சொன்ன?" என்றார் அப்பா. "இல்லன்னேன்" என்றேன். அப்பா அன்று இரவு முழுக்கக் கூடுதலாக இருமின மாதிரி இருந்தது.

அப்புறம் மின்தேக்கி வந்தது, கடையில் கண்டன்சர் என்கிறார்களே அதுதான். இரண்டு தகடு, நடுவில் இடைவெளி. ஒன்றையொன்று தொடாமலே இரண்டும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பியைக் கழற்றிய பிறகும் விடாது என்று அக்கா சொன்னாள். அதுதான் எனக்கு ஒரேயடியாகக் குழம்பியது. கரண்டே இல்லாதபோது எதைப் பிடித்து வைத்திருக்கும்?

"எம்புட்டு நாளைக்குக்கா வச்சிருக்கும்?"

அக்கா கூடத்துப் பக்கம் பார்த்தாள். பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா எழுந்து போய், பீரோவுக்கு மேலே துழாவி, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். துணிக்குள் அந்தக் கண்டன்சர் இருந்தது. ஸ்குரூ டிரைவரை அதன் இரண்டு முனைகளிலும் படும்படி வைத்தார். சார்ஜ் இருந்தால் பட்டென்று பொறி பறக்கும் என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். நானும் பொத்திக்கொண்டேன். ஒரு பொறியும் வரவில்லை.

"ஒன்னுமே இல்ல பெரியப்பா" என்றேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இல்லத்தா. உள்ள இருந்ததெல்லாம் எப்பவோ போயிருச்சு." கண்டன்சரை மறுபடி துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "கொண்டு போய் உங்கப்பன்கிட்டக் காட்டு. நானே தொட்டுப் பாத்துட்டேன்னு சொல்லு."

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தோழிகளுக்குக் காட்டுவதென்று அதற்குள் முடிவு செய்துவிட்டேன். வாசலில் நின்ற அப்பாவிடம் வேண்டாவெறுப்பாகத்தான் நீட்டினேன். அப்பா துணியை விலக்கிப் பார்த்தார்.

"இத யாரு குடுத்தது?"

"பெரியப்பா. ஆனா இது வேஸ்டுப்பா. உள்ள ஒன்னுமே இல்ல. எப்பவோ போயிருச்சாம்."

"அண்ணனே சொன்னாரா?"

"ஆமா. அவரே தொட்டுப் பாத்தாரு."

அப்பா கண்டன்சரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு, கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்துவிட்டேன் என்ற வருத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தாளில் மின்தேக்கிக் கணக்கு பாதியில் நிற்கிறதே என்ற கவலை வேறு.

பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா அலமாரியைத் திறந்து, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற சலவைச் சட்டையை எடுத்து நீட்டினாள். கடைவீதிக்கே பனியனோடு போய் வருகிற மனிதர், பொத்தானை மேலிருந்து கீழ் வரைக்கும் போட்டுக்கொண்டு, கண்டன்சரை இரண்டு கையாலும் பிடித்தபடி சந்துக்குள் இறங்கினார். மோட்டார் பெட்டி இந்தப் பக்கமே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் பெரியப்பா வீட்டு வாசலைப் பார்த்து நடந்தார். கண்டன்சர் மாட்டப் போகிறவருக்குச் சலவைச் சட்டை எதற்கு, பெட்டியை ஏன் விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா, பெட்டி இங்க இருக்குப்பா" என்று பின்னாலிருந்து கத்தினேன்.