ஒரே பிள்ளைக்கு இரண்டு சர்க்கரை

“நாலு பொஸ்தகம் படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சிருமாக்கும்?” நான் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா, அக்காவின் கணவர், இப்படித்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நின்றேன்.

எங்கள் மலைக்கிராமமான மன்னவனூரில் கேரட் மூட்டை ஏற்றிய லாரியிலிருந்து அக்காவின் ஏழு வயது மகள் விழுந்துவிட்டாள். தலையில் பலத்த அடி, நினைவே இல்லை. தொண்டையில் குழாய் போட்டு மிஷின்தான் மூச்சு கொடுத்தது. மூளைக்குள்ளும் நூல் போல ஒரு குழாய் வைக்க வேண்டும், அதில் ஊறி வரும் நீரை மணிக்கொரு தடவை எடுத்து, உள்ளே சர்க்கரையும் மற்றதும் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். கையெழுத்துப் போடும் முன் மாமா என் முகத்தைத்தான் பார்த்தார். போடுங்க என்றேன்.

மூன்றாம் நாள், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, மூளையில் குறைந்திருக்கிறது என்றார்கள். ஒரே பிள்ளைக்கு எப்படி இரண்டு அளவு? குழம்பிப்போனேன். கேட்க வெட்கம். வெளியே வந்து, மூளையில் சர்க்கரை கம்மியாம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

சாயங்காலம் உள்ளே விட்டபோது அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். சீனித்தண்ணி. பிள்ளையின் உதடு வரை கொண்டுபோய்விட்டாள். நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்தார். அது நுரையீரலுக்குள் இறங்கினால் பிள்ளை பிழைக்காது, யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்டார்.

“எந் தங்கச்சிதாங்க சர்க்கரை கம்மின்னா. அவ படிச்ச பிள்ளைங்க.”

அக்கா குறையாகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய், நீங்கள் சொன்னது எதுவுமே எனக்குப் புரியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை.

“ரத்தத்துல ஓடுறது வேறம்மா, அடிபட்ட எடத்துக்குப் போய்ச் சேர்றது வேற. ஏன் சேரலன்னு சில நேரம் எங்களுக்கே புரியாது. அதான் மணிக்கு மணி பாக்குறோம்.”

எனக்குப் பாதிதான் புரிந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் கொஞ்சம் மெதுவாக வருகிறது. மூளையில் அந்தச் சர்க்கரை அளவு பிறகு எப்படி ஏறியது, எது அவளைக் காப்பாற்றியது என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. புரியாமல் நான் ஆட்டிய தலை அவள் உயிரையே வாங்கப் பார்த்தது என்பது மட்டும் மறக்கவில்லை. அடுத்த வாரம் பரிசோதனை. அக்கா டாக்டரிடம் கேட்க நினைப்பதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நேற்று எழுதி முடித்தேன், அதில் ஒன்றுக்குக்கூட நானாகப் பதில் சொல்லவில்லை.