சேலைக்காக மாற்றிய குழாய்

வியாகுலம் மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து டீசல் பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவர். யார் சொன்னாலும் கேட்கமாட்டார். மனைவி ராஜமேரி சொன்னால் மட்டும் உடனே செய்துவிட்டு, தானாக நினைத்துச் செய்ததாகச் சொல்லிக்கொள்வார்.

இஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாய், இருவரும் பூசைக்குப் போகும்போது வண்டியில் அவர்கள் காலடியிலேயே திறந்திருந்தது. "பூசைக்குக் கட்டற சேலையெல்லாம் டீசல் நாத்தமுங்க" என்றாள் ராஜமேரி. அன்றே அதில் ரப்பர் டியூபை மாட்டி, இஞ்சின் காற்றிழுக்கும் வாயோடு சேர்த்துவிட்டார்.

மெக்கானிக் தாவூது பார்த்துவிட்டு, "வேணாங்கண்ணே, ஆயில் அதிகமானா அதையும் இழுத்துக் குடிச்சிட்டு இஞ்சின் நிக்காம ஓடிட்டே இருக்குங்க" என்றான்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் வியாகுலம்.

எழுபத்து நான்காம் வருட ஈஸ்டர். திருநாளாயிற்றே என்று வண்டிக்கும் ஆயிலைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு கிளம்பினார். கோயில் வாசலில் இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார். இஞ்சின் நிற்காமல் அலறியது. பூசைக்கு வந்த ஊரே புகைக்குள் இருமியது. காற்றை அடைத்தால்தான் அடங்கும் என்று அவருக்குத் தெரியும். கைக்கு அகப்பட்ட ஒரே துணி, இடுப்பிலிருந்த புது வேட்டி. உருவி, காற்றிழுக்கும் வாயில் திணித்தார். சட்டென்று அமைதி.

பட்டாபட்டி டிராயரோடு நின்றவரைப் பார்த்து ராஜமேரி சொன்னாள்: "இப்ப என் சேலையில நாத்தமே இல்லீங்க."