மாமா தன்னையே வெட்டிய படம்

ஒரு பழைய நடிகருக்காக ரசிகர்கள் கூடி எழுதும் விக்கித் தளத்தில் படங்களைக் கத்தரிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அகலம் முந்நூறு பிக்சல், முகம் நடுவில், வேறு ஆள் கூடாது. இந்த விதியைக் கேட்டு இளைஞர்கள் கொதிக்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் தங்கிப் படித்த வீட்டில், என் மாமா இதைவிடக் கொடிய விதியோடு ஓர் ஆல்பம் நடத்தினார்.

பகலில் துறைமுக அலுவலக எழுத்தர். மாலையில் அதே நடிகரின் ரசிகர் மன்றத் தலைவர். மன்ற ஆல்பத்தில் ஒட்டும் படம் மூன்றங்குல அகலம், நாலங்குல உயரம். நடிகரைத் தவிர யாரும் இருக்கலாகாது. இதன்படி கதாநாயகிகள் போனார்கள், வில்லன்கள் போனார்கள், ஒரு குதிரையின் பின்பாதி போனது. மிளகுக் கடையில் கணக்கெழுதும் மன்றச் செயலாளர், எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் நடிகரோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் கொண்டுவந்தார். அவரும் போனார்.

பிறகொருமுறை நடிகர் படப்பிடிப்புக்கு வந்தபோது, படகுத்துறையில் மாமா அவருக்கு மாலை போட்டார். ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்துசேர்ந்தது. பாதி நடிகர், பாதி மாமா. மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

செயலாளர் சாயாவை ஊதிக்கொண்டே கேட்டார்: "எந்தா தலைவரே, இதுக்கும் அதே அளவுதானே?"

விதியைத் திருத்த வழி இருந்தது, எழுதியவரே மாமாதான். ஆனால் திருத்தினால் செயலாளருக்கு முன்னால் தலை நிமிர முடியாது. மாமா கத்தரிக்கோலை எடுத்தார். நான் ஸ்கேலைப் பிடித்தேன்.

சினிமாவே பிடிக்காத மாமி, காலி டம்ளர்களை எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள். "ஏன்னா, இதென்ன கிறுக்கு? ஒங்களையேவா வெட்டப் போறேள்?"

"நெயமம்னா எல்லாருக்கும் நெயமம்தான். நீ உள்ள போ."

வெட்டினார். மாலையைப் பிடித்திருந்த கைகள்தான் சிக்கல். அவற்றை நீக்கினால் நடிகரின் கழுத்தும் போகும். மணிக்கட்டோடு நிறுத்திக்கொண்டார். ஆளில்லாத இரண்டு கைகள் நடிகரின் கழுத்தடியில் மிஞ்சின.

"அய்யோ, யாரோ கழுத்த நெரிக்கற மாதிரியில்ல இருக்கு!" என்றார் செயலாளர், மிகுந்த திருப்தியோடு.

"கை ஆளாகாது" என்று தீர்ப்பளித்துவிட்டு மாமா பசை தடவினார். எதிலும் கோணல் பொறுக்காதவர், அன்று ஒட்டியது சற்றுக் கோணலாகவே விழுந்தது. எல்லோரும் போனபின்னும் ஆல்பத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாமி புடவை எடுக்க அலமாரியைத் திறந்தபோது கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். வெட்டிப்போட்ட பாதி அங்கே சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. மணிக்கட்டோடு முடிந்த கைகளை நீட்டி, யாரையோ பார்த்து மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, இதுல நடிகரே இல்லியே?"

"இல்லாட்டா போறான். நன்னாத்தானே இருக்கு? நீ போய்ப் படிடீ."

கதவு மூடிக்கொண்டது. நல்ல பாதியை ஆல்பக்காரர்கள் எடுத்துக்கொண்டு, பாவம், மாமிக்குக் கழிவை விட்டுவிட்டார்களே என்று எனக்கு அன்று முழுவதும் இரக்கமாக இருந்தது.