மோட்டாருக்கு ஊற்றிய குடம்

1938 மே 8, ஞாயிறு. காலை ஐந்தே முக்கால். காற்றே இல்லை, விடியும்போதே வெக்கை. பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் மதுரையில் கூடுகிறார்கள் என்று, இருபத்தாறு வயதான என் மோட்டாரை உத்தமபாளையத்திலிருந்து ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்து மணிக்கு ஊர்வலம்.

சின்னமனூர் தாண்டி இரண்டாவது மைலில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. கொண்டுவந்த தண்ணீரை முன்பே ஊற்றித் தீர்த்திருந்தேன். பக்கத்தில் கிணறு இல்லை. ஈரச் சேலையோடு ஒரு பெண் தலையில் குடத்துடன் நடந்து வந்தாள். மகனுக்கு அம்மை இறங்கியதற்கு நேர்த்தியாம். வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்துக்கு ஊற்ற ஆற்றில் மொண்ட தண்ணீர். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஏங்கய்யா, வண்டிக்கும் அம்மை போட்டிருச்சா? இந்தக் கொதி கொதிக்குது."

"அது சாமி தண்ணியம்மா. வேண்டாம்."

"அங்கன ஊத்துறதும் சூடு தணியத்தான. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. மூடியத் தொறங்க."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, குடம் முழுவதையும் ஊற்றினாள். மறுபடி மொள்ள, வண்டியைத் திருப்பி அவளைச் சின்னமனூர் ஆற்றங்கரையில் இறக்கினேன். கோயில்வரை கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"நடந்து வாரேன்னுதான் நேந்தது. உங்க வண்டிய நம்புனா ஆத்தாளுக்கு இன்னொரு குடம் கடன் விழும்," என்று சிரித்தாள்.

நான் மதுரை சேர்ந்தபோது ஊர்வலம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலே ஒரு வாரம் புலம்புகிறவன் நான். அன்று மிஞ்சியிருந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன்.

மொத்தச் செலவு பன்னிரண்டு ரூபாய் ஏழணா. அதில் இன்றுவரை நான் குறைப்படாதது, அவளுக்காகத் திரும்பிப் போய்வந்த நாலு மைல் பெட்ரோல்: ஐந்தணா.