ஐஸில் வைத்த துண்டு

சபையாரே, என் கணவருக்கு வந்தது இரைப்பையில் புற்றுநோய். அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய பிடிவாதம். இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "நான் நகர்ந்தா குத்தகை நிலத்துல வேற ஆளை இறக்கிடுவாங்க" என்பார். குத்தகைக்காரரைக் காக்கச் சட்டம் வந்தும், நிலச்சொந்தக்காரர் போட்ட வழக்கு முடியவில்லை. பேசிப் பேசி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். தாளடி அறுவடையில் மயங்கி விழுந்த பிறகுதான் மனிதர் மன்னார்குடியில் பஸ் ஏறினார்.

தஞ்சாவூரில் ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மதியம் வரை வாயே திறக்கவில்லை. விசாரிக்கப் போன என் கொழுந்தன் அழுதுகொண்டே திரும்பினார்.

"அண்ணி, அண்ணனை ஐஸ்ல வச்சுட்டாங்க."

எங்கள் ஊரில் ஐஸில் வைப்பது பிணத்தைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. "வாரம் தவறாம உபவாசம் இருந்தேனே ஆண்டவரே, இதுக்குத்தானா? உமக்குக் காது கேக்குதா இல்லையா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

ஊருக்குப் போன் செய்ய ஓடிய கொழுந்தனை நர்ஸ் அம்மா மறித்தார். "யாருய்யா செத்தது? வெட்டுன இரைப்பையிலேர்ந்து ஒரு துண்டை ஐஸா உறைய வச்சுப் பாக்குறாங்க. வெட்டுன ஓரத்துல நோய் இல்லன்னாதான் டாக்டர் தைப்பாரு. அந்தப் பதிலுக்குத்தான் கத்தியோட காத்துக்கிட்டு நிக்கிறாரு."

கொழுந்தனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது. ஓரத்தில் நோய் இருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் வெட்டி இரண்டாவது துண்டு அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு மேல் வெட்ட இடமில்லையாம்.

சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஜெபப் புத்தகத்தில் உள்ள ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "அந்த ஓரத்தை மட்டும் சுத்தமா வையும். மத்த சண்டையை அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். கோபம் தணியவே இல்லை, அப்படியேதான் கேட்டேன்.

அரைமணி நேரத்தில் நர்ஸ் அம்மா வந்தார். "சுத்தமா இருக்கும்மா. தைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அப்போதுதான் அழுதேன்.

மூன்று அறுவடை கடந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். ஆறு தடவையும் குறை சொல்கிறார். முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவேன். இப்போது கரண்டியோடு நின்று கேட்டுக்கொள்கிறேன், ஸ்தோத்திரம் என்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், நல்ல வார்த்தை தேடி நேரத்தைப் போக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.