பிரசவத்துக்கு எந்த ஊர்?

முடிச்சூரைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தபீதாள் இருபத்தாறு வருடமாகக் கிராமச் செவிலியர். கிராமம் என்னவோ பிளாட்டும் அடுக்குமாடியுமாக மாறி எத்தனையோ வருடமாகிறது, அவர் பதவியின் பெயரை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. தெருவில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வீடு நின்று வாய் ஓயாமல் பேசுவார். அதிகாரிகள் கூட்டத்தில் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

போன ஆவணியில் அப்படி ஒரு கூட்டம். எந்தப் பகுதிக் கர்ப்பிணிகள் எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று புதிதாக எல்லை பிரித்து, சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதைத் தயாரித்த ஷ்யாம்சுந்தர் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர், நல்ல மனிதரும்கூட.

“ஏரிக்கரை ஏரியாவுல மாசம் ஒன்பது கர்ப்பிணிங்கதான் ரெஜிஸ்டர் ஆகுறாங்க. டெலிவரி மட்டும் இருபது. கணக்கு உதைக்குது சார்,” என்றார் அவர். “வேற ஏரியாக்காரங்க வர்றாங்க. அவங்களை அவங்கவங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா, இங்க பிரசவ வார்டே வேண்டாம்.”

தலைமை வகித்த டாக்டர் ஸ்ரீரங்கன் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

கடைசி வரிசையில் தபீதாள் டீயைக் கீழே வைத்தார். அந்தப் பதினோரு பேரும் வேற்று ஆட்களா? எல்லாம் ஏரிக்கரைப் பெண்கள். மறைமலை நகருக்கும் சிறுசேரிப் பக்கமும் வாழ்க்கைப்பட்டுப் போய், புருஷன் வீட்டு முகவரியில் பதிவு செய்துவிட்டு, ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்து சேருகிறவர்கள். வலி கண்டால் ஐந்து நிமிடத்தில் இவர் கைக்கு வந்துவிடலாம். வார்டை மூடிவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் வேனிலேயே பிள்ளை பெறவேண்டியதுதான்.

எப்படி எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க மூத்த புள்ள எங்க பொறந்துது?”

டாக்டர் நிமிர்ந்தார். “தஞ்சாவூர்ல. ஏம்மா?”

“அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“இங்கதான், தாம்பரத்துல...” பேனா நின்றுவிட்டது.

தபீதாள் விடவில்லை. பக்கத்தில் இருந்த அதிகாரியைக் கேட்டார். ராணிப்பேட்டை என்றார். அதற்கடுத்தவர் சாத்தான்குளம். கடைசியில் ஷ்யாம்சுந்தரிடம் வந்தார்.

“உங்களுக்கு, சார்?”

“போன வாரந்தான் ஒய்ஃப் அவங்கம்மா வீட்டுக்குப் போனாங்க. செய்யாறு.”

“பேர் பதிஞ்சது?”

“சேலையூர்ல.”

“அப்ப இந்த மேப்புல அவங்க எங்க கீறாங்க?”

பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. யாரோ சிரிக்க, அறையே சிரித்தது. ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம். ஓர் அறை நிறைய மாப்பிள்ளைகள் உட்கார்ந்து அதை மறந்திருக்கிறார்கள்!

ஷ்யாம்சுந்தர் சிரிக்கவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தலைப்பிரசவம் எல்லாமே தப்பான இடத்துல விழுந்திருக்கு சார். நான் திரும்பப் போடறேன்,” என்றார். அதை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும். தபீதாளுக்கு அவரை அன்றிலிருந்து பிடித்துப்போனது.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. ஏரிக்கரை வார்டு அப்படியே இருக்கும், கூடுதலாக ஒரு செவிலியரும் வருவார். பதிவேட்டில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: ‘பிரசவத்துக்கு எந்த ஊர்?’ தபீதாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த நாளே நோட்டோடு கிளம்பிவிட்டார்.

ஆறேழு பெண்கள் கேட்டவுடனே பதில் சொன்னார்கள். அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்யும் எழில் மட்டும் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். இது நான்காம் மாதம்.

“எந்த ஊருன்னு சொல்றது சிஸ்டர்? அம்மா செத்துப்போச்சி. லவ் பண்ணிக் கட்டிக்கினேன்னு அப்பா பேசறதில்ல.”

இந்தக் கேள்வியைக் கேட்கவைத்ததே தாம்தான் என்பது தபீதாளுக்கு உறைத்தது. பேனாவை அழுத்தி ‘ஏரிக்கரை’ என்று எழுதினார்.

“இங்கதான், வேற எங்க? ஏழாம் மாசம் நேரா என்னாண்ட வந்துடு. உனுக்கு வளையல் நான் போடறேன்.”