படித்ததற்கு ரசீது

இன்று காலை மின்னஞ்சலைத் திறந்ததும் திரையில் அந்தச் சின்னப் பெட்டி எழுந்து நின்றது. அனுப்பியவர், நீங்கள் படித்ததற்கு ரசீது கேட்கிறார், அனுப்பவா என்றது. யார் கேட்டாலும் யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டுப் போகிற ஆள் நான். நான் எதைப் படித்தேன் என்று ஊருக்கெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எங்கள் பழைய ஆபீஸ் அக்கா!

கம்பத்தில் திராட்சை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஆபீஸில் எனக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த மேசை. எந்த மின்னஞ்சல் அனுப்பினாலும் ரசீது கேட்காமல் விடமாட்டார். வந்துவிட்டால் “பாத்துட்டாக” என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சொல்வார். அவர் மனசில் அது வெற்றிலை பாக்குத் தட்டு. நீட்டிய தட்டைக் கையில் வாங்கிவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு முடிந்தது, பின்வாங்க முடியாது. படித்ததற்குத்தான் ரசீது, சம்மதத்துக்கு இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே!

ஒரு தடவை சுருளிப்பட்டியில் அவருடைய சொந்தத் திராட்சைப் பந்தலே பழுத்து நின்றது. மேகமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பட்டால் பழம் வெடித்து வெள்ளாமையே போய்விடும். வெட்டி வைத்து வாங்க ஆளில்லை என்றாலும் அதே கதிதான். கொச்சி வியாபாரி ஒருவருக்கு விலை எழுதி அனுப்பிவிட்டுத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார் அக்கா. மத்தியானம் ரசீது வந்தது. அவ்வளவுதான், வீட்டுக்காரருக்குப் போன் போட்டு வெட்டச் சொல்லிவிட்டார். அவர் இன்னும் விலைக்குச் சரி சொல்லவில்லையே அக்கா என்று பதறினேன்.

பயந்தபடியே சாயங்காலம் கொச்சிக்காரர் போனில் வந்தார். விலையைப் பற்றி இன்னும் முடிவே செய்யவில்லையாம். மின்னஞ்சலைத் திறந்தாலே ரசீது தானாகப் போகும்படி அவருடைய கம்ப்யூட்டரில் யாரோ வைத்துவிட்டார்களாம். அக்கா அழப்போகிறார் என்று நினைத்தேன். குரல்கூட உயரவில்லை.

“தன்னால போச்சோ, நீங்க அனுப்புனீகளோ, தட்டு இப்ப உங்க கையில இருக்கு. பழம் கூடையில இருக்கு. வண்டிய எங்கன விடச் சொல்றீக?”

அந்தப் பக்கம் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “வண்டி வரட்டே, சேச்சி” என்று வண்டியை வரச் சொல்லிவிட்டார். லாரி கம்பமெட்டு மலைப்பாதை ஏறும்போது இங்கே மழை ஊற்றியது. அன்று நாங்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே, சொல்லி மாளாது! மறுநாளே கொச்சிக்காரர் தன் கம்ப்யூட்டரில் ‘ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்’ என்று மாற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

இன்றைக்கு அதே கேள்வி என் முன்னால். பெட்டிக்குப் பின்னால் அக்கா எழுதியிருந்தது தெரிந்தது. சுருளிப்பட்டியிலேயே சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்கிறாராம். நான் இப்போது பார்க்கும் தேனி வேலையை விட்டுவிட்டு வந்து கூட நில் என்று எழுதியிருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை இது. ஆனாலும் சந்தோஷம்தான் முந்தியது. ‘அனுப்பு’ என்பதைத் தட்டினேன்.

மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை, போன் வந்துவிட்டது.

“தட்டை வாங்கிட்டேல்ல தம்பி? கெளம்பி வா.”